ஸ்கேன் எந்த வழியாகப் போக வேண்டும்: ஷேர் ஃபோல்டரா, மின்னஞ்சலா, ஃபேக்ஸ் சர்வரா?

திருநெல்வேலிப் பக்கம் ஒரு வக்கீல் அலுவலகமோ, ஆடிட்டர் அலுவலகமோ, மருத்துவமனையோ புதிதாக ஜெராக்ஸ் மிஷின் வாங்கும்போது, நிமிடத்துக்கு எத்தனை பக்கம் ஓடும், டோனர் என்ன விலை, பழுதென்றால் ஆள் எவ்வளவு நேரத்தில் வருவார் என்பதையெல்லாம் நன்றாக விசாரித்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அந்த மிஷினில் ஸ்கேன் செய்த தாள் எந்த வழியாகக் கணினிக்குப் போய்ச் சேரும் என்பதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. மிஷினை இறக்கிவைக்க வந்தவர் அன்றைக்கு எந்த வழியை உடனே ஓட வைத்தாரோ, அதுவே பல வருடங்களுக்கு நிலைத்துவிடுகிறது. ஷேர் ஃபோல்டர் (வலையமைப்பில் மற்றக் கருவிகளும் எழுதும்படி பகிர்ந்து வைத்த கணினி ஃபோல்டர்), மின்னஞ்சல், ஃபேக்ஸ் ஆகிய மூன்றுமே நல்ல நாளில் ஒழுங்காக வேலை செய்பவை என்பதால், நல்ல நாளை வைத்து அவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை. வழி அடைபட்ட நாளில் அந்தச் செய்தியை அது யாரிடம், எப்போது, எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதைப் புரிந்துகொள்ள, மிஷினின் திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று வரும் செய்தி ஒவ்வொரு வழியிலும் எதைச் சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஷேர் ஃபோல்டருக்கு அனுப்பும்போது, அந்தக் கோப்பு எதிரே உள்ள கணினியில் எழுதி முடிக்கப்பட்டது என்று பொருள். மின்னஞ்சலில் அனுப்பும்போது, அஞ்சல் சர்வர் அதை வாங்கிக்கொண்டது என்பது மட்டுமே பொருள். உரியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது மிஷினுக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. ஃபேக்ஸில், கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதியான டி.30 என்னும் நெறிமுறைப்படி ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எதிர்முனை மிஷின் ‘கிடைத்தது’ என்று குறிப்பு அனுப்புவதால், அந்த ‘சரி’ எதிர்முனை வரைக்கும் எட்டிய ‘சரி’யாகும். ஆனால் நடுவில், ஃபேக்ஸ்களை வாங்கி வரிசைப்படுத்தி அனுப்பும் ஃபேக்ஸ் சர்வர் மென்பொருள் இருந்தால், மிஷின் காட்டுவது அந்த மென்பொருள் வேலையை வரிசையில் சேர்த்துக்கொண்டது என்பதை மட்டுமே.

முதலில் ஷேர் ஃபோல்டர். நம் ஊர் அலுவலகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். தவறு நேர்ந்தால், தாளை வைத்தவர் மிஷின் அருகில் நிற்கும்போதே பெரும்பாலும் தெரிந்துவிடும். இணையம் போய்விட்டாலும் உள்வலையமைப்பு இருந்தால் போதும். மின்னஞ்சலில் உள்ளதுபோல் கோப்பின் அளவுக்குக் குறுகிய வரம்பு இல்லை. ஆனால் அடிக்கடி பழுதென்று அழைப்பு வருவதும் இந்த வழிக்குத்தான். பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் குமாஸ்தா ஒருவர் கூப்பிட்டு, “அண்ணாச்சி, நேத்து வரைக்கும் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, இன்னைக்கு ஒரு ஸ்கேனும் போக மாட்டேங்கு” என்று சொன்னால், நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் அந்த அலுவலகத்தில் என்ன மாறியது என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: யாரோ கணினியின் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்கள், விண்டோஸ் இரவோடு இரவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும், அல்லது இணைய நிறுவனத்தார் வந்து ரவுட்டரை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள்.

ரவுட்டர் மாறும்போது நேர்வதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒரே நேரத்தில் இரண்டு பழுதுகள் சேர்ந்துகொள்கின்றன. பழைய ரவுட்டரில் எல்லாக் கருவிகளின் முகவரியும் 192.168.1 என்று தொடங்கியிருக்கும், புதியதில் 192.168.29 என்று தொடங்கும். கணினி புது முகவரியைத் தானே வாங்கிக்கொள்ளும். மிஷினுக்கோ நிலையான முகவரி கையால் கொடுக்கப்பட்டிருப்பதால் அது பழைய வரிசையிலேயே நிற்கும். அதைத் திருத்திய பிறகும் ஸ்கேன் போகாது. காரணம், புதிய ரவுட்டரைக் கண்ட விண்டோஸ் அதைப் புதிய வலையமைப்பாகக் கருதி ‘பொது’ வகையில் சேர்த்துவிடும், அந்த வகையில் ஃபயர்வால் என்னும் பாதுகாப்புத் தடுப்பு கோப்புப் பகிர்வை உள்ளே விடாது. அதைத் ‘தனியார்’ வகைக்கு மாற்றினால்தான் வழி திறக்கும். முதல் பழுதைச் சரிசெய்துவிட்டு, இன்னும் போகவில்லையே என்று மிஷினைச் சந்தேகித்து நெட்வொர்க் கார்டு வரைக்கும் மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு.

விண்டோஸ் புதுப்பிப்பால் வரும் பழுது வேறு வகை. எஸ்.எம்.பி. என்பதுதான் கோப்புப் பகிர்வுக்கான நெறிமுறை. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டுதான் 2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் தாக்குதல் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் அந்த முதல் பதிப்பின் வழியாகக் கோப்பு வாங்கும் வசதி இயல்பாக இருப்பதில்லை. பழைய மிஷின்கள் பலவற்றுக்கு முதல் பதிப்பைத் தவிர வேறு தெரியாது. ஆகவே கணினியை மாற்றிய அன்றைக்கே மிஷின் ‘கெட்டுப்போய்விடுகிறது’. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், ப்ரோ வகைக் கணினிகளில் ஒவ்வொரு இணைப்பும் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் (வழியில் யாரும் மாற்றவில்லை என்பதற்கான மின் அடையாளம்) என்று கட்டாயமாக்கியது. கையொப்பமிடத் தெரியாத மிஷின், கடவுச்சொல் சரியாக இருந்தும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும்.

திரையில் வரும் எண் ஓரளவு வழிகாட்டும். கியோசெரா மிஷினில் 1101 என்றால் சர்வரின் பெயர் அல்லது முகவரியைப் பார்க்க வேண்டும். 1102 என்றால் பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும். கேனனில் 806 என்பதும் பெரும்பாலும் அந்த உள்நுழைவுப் பிழையையே சொல்கிறது. இருந்தாலும் எண்ணை மட்டும் நம்பாமல், மிஷினில் கொடுத்திருக்கும் அதே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு வேறொரு கணினியிலிருந்து அந்த ஃபோல்டரைத் திறந்து, அதில் ஒரு சின்னக் கோப்பைச் சேமித்துப் பார்க்க வேண்டும். திறக்கவே இல்லையென்றால் முகவரி, ஃபயர்வால், கணக்கு ஆகியவற்றில் கோளாறு. திறந்தும் சேமிக்க முடியவில்லையென்றால் அனுமதியில் கோளாறு. பகிர்வுக்கான அனுமதி, வட்டில் உள்ள ஃபோல்டருக்கான அனுமதி என இரண்டும் தனித்தனியாகக் கொடுக்கப்பட வேண்டியவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டும் நடந்தும் மிஷினிலிருந்து மட்டும் போகவில்லையென்றால், சிக்கல் பெரும்பாலும் நெறிமுறைப் பதிப்பில்தான். தோல்வியுற்ற உள்நுழைவுகளைப் பதியும் வசதியை விண்டோஸில் இயக்கி வைத்திருந்தால், நிகழ்வுப் பதிவேட்டில் 4625 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து, கோளாறு கணக்கிலா நெறிமுறையிலா என்பதைப் பிரித்தறியலாம்: அந்த எண் இருந்தால் மிஷின் கணினி வரை வந்துவிட்டது, கணக்குதான் தவறு.

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு வேலைகளைத் தவறாமல் செய்ய வேண்டும். ஸ்கேனுக்கென்றே கணினியில் தனியாக ஓர் உள்ளூர்க் கணக்கை உருவாக்கி, அதன் கடவுச்சொல் காலாவதியாகாதபடி அமைக்க வேண்டும். வக்கீல் ஐயா தன் சொந்தக் கடவுச்சொல்லை எப்போது மாற்றினாலும் அது ஸ்கேனைத் தொடக்கூடாது. தினமும் கணினியைத் திறக்க இடும் நான்கு இலக்கப் பின் எண் வலையமைப்பு வழி உள்நுழைவுக்குச் செல்லாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அடுத்தது, மிஷின், கணினி இரண்டுக்குமான முகவரிகளை ரவுட்டரிலேயே ஒதுக்கி வைப்பது.

மின்னஞ்சல் வழியின் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. தென்காசியிலோ வள்ளியூரிலோ கிளை வைத்திருப்பவருக்கும், அம்பாசமுத்திரத்தில் இருக்கும் கட்சிக்காரருக்கும் ஒரே பொத்தானில் அனுப்பிவிடலாம். எந்தக் கணினியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் பிழையைச் சொல்லும் விதத்தில் மூன்று வழிகளுள் இதுவே மிகவும் பலவீனமானது என்பேன்.

அனுப்பும்போதே நேரும் பிழைகள் அவ்வளவு மோசமில்லை. அவை எண்ணோடு வருகின்றன. 535 என்றால் பயனர் பெயர் அல்லது கடவுச்சொல்லை சர்வர் ஏற்கவில்லை. சாதாரணக் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு மிஷின்கள் உள்நுழைவதைச் சொந்தக் கணக்குகளில் கூகுள் 2022 மே 30 அன்று நிறுத்திவிட்டதால், அதற்குப் பிறகு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, மிஷினுக்கென்று 16 எழுத்துக் கொண்ட தனிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் இந்தத் தனிக் கடவுச்சொல்லும் செல்லாமல் போய்விடும் என்பதால், பழைய தொல்லை வேறு உருவில் திரும்பி வருகிறது. கேனனில் 801 போன்ற எண் வந்தால் சர்வரோடு பேசுவதில்தான் தடை. போர்ட் 25 (அஞ்சல் வெளியேறும் வாசல் எண்) அடைக்கப்பட்டிருந்தால் 587-க்கு மாற்ற வேண்டும், மிஷினில் டி.என்.எஸ். (சர்வரின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) முகவரியும் கேட்வே (இணையத்துக்கு வெளியேறும் வாயில்) முகவரியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஃபோல்டருக்குப் போகிறது, மின்னஞ்சலுக்கு மட்டும் போகவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு முகவரிகளைத்தான். மிஷினின் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். நீண்ட மின்தடைக்குப் பிறகு தேதி பின்னோக்கிப் போய்விட்ட மிஷின், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று தானே முடிவு கட்டி இணைப்பை முறித்துக்கொள்ளும்.

அளவு பற்றிய பிழை 552 என்று வரும். ஏ4 தாள் ஒன்றை 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508 புள்ளிகள். அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சுருக்குவதற்கு முன்பே ஏறத்தாழ 1 எம்.பி.தான், முழு வண்ணத்தில் எடுத்தால் 26 எம்.பி. சுருக்கிய பிறகு இரண்டும் வெகுவாகக் குறைந்துவிடும் என்றாலும், இடைவெளி இடைவெளிதான். ஜிமெயிலின் வரம்பு 25 எம்.பி.; மின்னஞ்சலில் இணைக்கும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுவதால், உண்மையில் 18 எம்.பி. அளவுள்ள கோப்புதான் போகும். பத்திர நகல்கள் அடங்கிய ஒரு வழக்குக் கட்டை வண்ணத்தில் ஸ்கேன் செய்து அனுப்பப் பார்த்துவிட்டு மிஷினைக் குறை சொல்வது நியாயமில்லை.

உண்மையான ஆபத்து அனுப்பிய பிறகு இருக்கிறது. முகவரியில் ஓர் எழுத்து தவறினாலோ, பெறுபவரின் அஞ்சல் பெட்டி நிரம்பியிருந்தாலோ, நம்முடைய சர்வர் முதலில் அதை வாங்கிக்கொண்டு மிஷினுக்கு ‘சரி’ என்று சொல்லிவிடும். திரும்பி வரும் ‘சேரவில்லை’ என்ற அறிவிப்பு, மிஷினில் அனுப்புநர் என்று பதிந்திருக்கும் முகவரிக்குப் போகும். அந்த முகவரி எது? மிஷினை நிறுவிய நாளில் உருவாக்கப்பட்டு, அதன் பிறகு யாரும் திறந்தே பாராத ஒரு கணக்கு. இப்படித் திரும்பி வந்த அறிவிப்புகள் குவிந்து கிடக்கும் கணக்குகளை நான் திறந்து காட்டியபோது, அலுவலகத்தார் முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். மின்னஞ்சல் வழியைத் தேர்ந்தெடுத்தால், அனுப்புநர் முகவரி தினமும் ஒருவர் வாசிக்கும் முகவரியாக இருந்தே தீர வேண்டும். இதை நிபந்தனையாகவே வைக்கிறேன்.

கோப்புகளை அனுப்புவதற்கான பழைய நெறிமுறையான எஃப்.டி.பி. பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்.எம்.பி. முதல் பதிப்பு மட்டுமே தெரிந்த பழைய மிஷினை இன்னும் சில காலம் ஓட்டுவதற்கு அது உதவும். ஆனால் கடவுச்சொல்லும் கோப்பும் மறைப்பின்றிப் போவதால் அலுவலகத்துக்குள்ளேயே அது நின்றுவிட வேண்டும். பென் டிரைவில் ஸ்கேன் செய்வது அவசரத்துக்கு மட்டும்.

ஃபேக்ஸ் இன்னும் யாருக்குத் தேவை என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்க மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பில்லிங் வேலை செய்து தரும் அலுவலகங்களைச் சுட்டிக்காட்டுவேன். அந்நாட்டு மருத்துவத் துறையில் ஃபேக்ஸ் இன்றும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. நோயாளியின் விவரங்களைக் காப்பது குறித்த 1996-ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் வேறு இருப்பதால், அவற்றைச் சொந்த ஜிமெயிலில் அனுப்பிவிட முடியாது. ஆகவே இத்தகைய அலுவலகங்கள் தொலைபேசி இணைப்போடு மிஷினையே பயன்படுத்துவதா, தங்கள் இடத்திலேயே ஃபேக்ஸ் சர்வர் மென்பொருளை வைத்துக்கொள்வதா, இணையவழி ஃபேக்ஸ் சேவைக்குச் சந்தா கட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மிஷினோடு நேரடியாக இணைந்த ஃபேக்ஸ் எளிமையானது, ஆனால் அதன் கீழிருந்த தரை மாறிவிட்டது. செம்புக் கம்பியில் வந்த லேண்ட்லைன் ஃபைபருக்கு மாறிய பிறகு, தொலைபேசிச் சத்தம் சிறு சிறு பொட்டலங்களாக இணையம் வழியே போகிறது. பேச்சில் ஒரு நொடியின் சிறு பகுதி விழுந்தால் காது பொறுத்துக்கொள்ளும். ஃபேக்ஸ் மோடம் பொறுக்காது. முதல் பக்கம் போய்விட்டு நாலாவது பக்கத்தில் அறுந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வேகத்தை நொடிக்கு 14,400 பிட்டிலிருந்து 9,600-க்குக் குறைப்பதும், தேவைப்பட்டால் பிழை திருத்தும் முறையை நிறுத்திப் பார்ப்பதும் ஓரளவு பலன் தரும். இணையத் தொலைபேசி வழியே ஃபேக்ஸ் அனுப்புவதற்கென்றே வகுக்கப்பட்ட டி.38 நெறிமுறை நல்ல தீர்வுதான். ஆனால் வழியில் உள்ள எல்லாக் கருவிகளும் இணைப்பு நிறுவனமும் அதை ஆதரித்தால் மட்டுமே.

ஃபேக்ஸ் சர்வரின் பெரிய நன்மை, தோல்வியை வகைப்படுத்திச் சொல்வது. ‘எண் பிஸி’, ‘எடுக்கவில்லை’, ‘எடுத்தார்கள் ஆனால் ஃபேக்ஸ் ஒலி வரவில்லை’ ஆகிய மூன்றும் மூன்று வேறு நடவடிக்கைகளைக் கோருபவை: முதலாவதைச் சர்வரே மறுபடி முயன்று பார்க்கும், இரண்டாவதற்கு எதிர்முனையின் அலுவலக நேரத்தைப் பார்க்க வேண்டும், மூன்றாவதற்கு எண்ணே தவறா என்று சரிபார்க்க வேண்டும். நம் இரவுதான் அவர்களுடைய பகல் என்பதால், இறுதித் தோல்வி அறிவிப்பு அடுத்த ஷிப்டுக்காரர் கண்ணில் படும்படி பொது முகவரிக்கு வர வேண்டும். அனுப்பியவரின் தனி முகவரிக்கு வந்தால் அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஆனால் ஃபேக்ஸ் சர்வரில் எனக்கு மிகுந்த கவலை தரும் பழுது, வரும் ஃபேக்ஸில் நேர்வது. அனுப்பியவருக்கு ‘கிடைத்தது’ என்ற உறுதி போய்விட்டது. இங்கே சர்வர் அதை உரிய ஃபோல்டரில் போட முயல்கிறது. வட்டு நிரம்பிவிட்டது, அல்லது அந்த ஃபோல்டரின் கடவுச்சொல் மாறிவிட்டது. அனுப்பியவர் நிம்மதியாக இருக்கிறார், பெற வேண்டியவருக்கு ஒன்று வந்ததே தெரியாது, இருவரும் விசாரிக்க மாட்டார்கள். ஒரு நோயாளியின் சிகிச்சைக்கான முன் அனுமதிக் கடிதம் இப்படி வரிசையில் கிடந்தால் அதன் விளைவு ஒரு மனிதர் மேல் விழுகிறது. ஆகவே எந்த ஃபேக்ஸ் சர்வரைத் தேர்ந்தெடுத்தாலும், வரும் ஃபேக்ஸ் ஒப்படைக்கப்படாதபோது எப்படி எச்சரிக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே செய்து காட்டச் சொல்ல வேண்டும். ஃபோல்டரின் அனுமதியை வேண்டுமென்றே எடுத்துவிட்டு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிப் பார்த்தால் போதும். இணையவழிச் சேவையிலும் இதே சோதனை தேவை. கூடவே, ‘வரிசையில் சேர்ந்தது’, ‘ஒப்படைக்கப்பட்டது’ என்ற இரு நிலைகளையும் அது பிரித்துக் காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அறிவிப்புகளை எந்த முறையில் வாங்குவது என்பதும் வழியைப் போலவே முக்கியமான முடிவு. தோல்வி அறிவிப்பு, தோற்றுப்போன வழியிலேயே வரக்கூடாது. மின்னஞ்சல் அனுப்ப முடியவில்லை என்பதை மிஷின் மின்னஞ்சலில் சொல்லும்படி அமைத்து வைத்திருக்கும் அலுவலகங்கள் ஏராளம். மின்னஞ்சல் வழிக்கு அச்சிட்ட அறிக்கையும், ஃபோல்டர் வழிக்கும் ஃபேக்ஸ் சர்வருக்கும் மின்னஞ்சல் அறிவிப்பும் பொருத்தமானவை. அச்சிட்ட அறிக்கையைப் ‘பிழை நேர்ந்தால் மட்டும்’ என்று அமைக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் வெளியே வந்தால், இரண்டாவது வாரத்தில் அதை யாரும் வாசிக்க மாட்டார்கள். தோல்வித் தாளும் பழைய தாளோடு சேர்ந்து கணக்கெழுதப் போய்விடும்.

இனி முடிவுகள். ஒரே கட்டடத்தில் இயங்கும் வக்கீல், ஆடிட்டர் அலுவலகங்களுக்கு ஷேர் ஃபோல்டர் முதன்மை வழியாகவும், மின்னஞ்சல் மாற்று வழியாகவும் இருக்கட்டும். இணையவழித் தாக்கலுக்கான கோப்பை எப்படியும் கணினியில் திறந்து சரிபார்த்துத்தான் ஏற்ற வேண்டும் என்பதால், அது நேராகக் கணினிக்கே வருவது நல்லது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுப் பக்கம் உள்ள மருத்துவமனைகளைப் போலப் பல பிரிவுகள் ஸ்கேன் செய்யும் இடங்களில், யாரோ ஒருவருடைய மேசைக் கணினியை நம்பாமல் தனியாக ஒரு சிறிய கோப்புச் சேமிப்புக் கருவியை வைத்துக்கொள்வது மேல். மேசைக் கணினியை மாலையில் அணைத்துவிட்டுப் போனால் இரவுப் பணியாளரின் ஸ்கேன் போகாது, சாதாரண விண்டோஸ் கணினி ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஏற்கவும் செய்யாது. அந்தக் கருவியைத் தரைத்தளத்தில் வைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி வந்தபோது திருநெல்வேலி சந்திப்பிலும் வண்ணார்பேட்டையிலும் கொக்கிரகுளத்திலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. அந்தக் கருவியில் உள்ள கோப்புகளின் பிரதி ஒன்று ஊருக்கு வெளியேயும் இருக்க வேண்டும்.

அமெரிக்க வேலை செய்யும் அலுவலகங்களில், மாதத்துக்குச் சில ஃபேக்ஸ்தான் போகும் என்றால் இணையவழிச் சேவை போதும். நாள் முழுக்கப் போய் வரும் என்றால் டி.38 ஆதரவுள்ள இணைப்போடு சொந்த ஃபேக்ஸ் சர்வர் வைத்துக்கொள்வது சரி. ஆனால் வரிசையை ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் பார்ப்பதற்கு ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்த பிறகே அதை வாங்க வேண்டும்.

பழைய மிஷினை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது, கணினியில் எஸ்.எம்.பி. முதல் பதிப்பை மறுபடி இயக்கிவிட்டால் போதாதா என்பது. இயக்கலாம், ஸ்கேன் உடனே போகும். ஆனால் கட்சிக்காரர்களின் பத்திரங்களும் நோயாளிகளின் அறிக்கைகளும் இருக்கும் அதே கணினியில், எல்லாருக்கும் தெரிந்த ஓட்டையைத் திறந்து வைப்பதாகும் அது. முதலில் மிஷினுக்கு ஃபர்ம்வேர் (மிஷினுக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு உண்டா என்று கேளுங்கள். சில மாடல்களில் அதன் மூலமே இரண்டாம் அல்லது மூன்றாம் பதிப்பு வந்துவிடும். இல்லையென்றால், ஒரு சேமிப்புக் கருவியில் எஃப்.டி.பி.யை மட்டும் அந்த மிஷினின் முகவரிக்கு மட்டும் திறந்து, அதிலிருந்து கணினிகள் கோப்பை எடுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். அடுத்த மிஷினை வாங்கும்போது, எஸ்.எம்.பி. மூன்றாம் பதிப்பும் கையொப்பமும், மின்னஞ்சல் இணைப்பைப் பாதுகாக்கும் டி.எல்.எஸ். 1.2-உம் இருக்கின்றன என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.